தூங்கும்போதும் சம்பாதிப்பவர்

நம் பக்கத்தில் கொசுவுக்கும் வட்டிக்கடைக்கும் அடுத்தபடியாகப் பெருகிவிட்ட ஓர் இனத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். வலைப்பூ வருமானஸ்தர் என்பது அதன் பெயர். தேனியிலிருந்து கூடலூர் வரை பஸ் நிற்கும் எல்லா ஊரிலும் ஒன்றாவது இருக்கிறது. இணையத்தில் ஒரு பக்கத்தைத் தொடங்கி, அதில் எதையாவது எழுதி, எழுதியதற்கு நடுவே விளம்பரம் வரும்படி செய்து, அந்த விளம்பரத்தை யாராவது கை தவறித் தொட்டால் விழுகிற காசில் மாடி வீடு கட்டலாம் என்று நம்புகிற இனம் இது. அப்படிக் கட்டியவர் எவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. கட்டுவது எப்படி என்று எழுதியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

பார்த்தவுடன் அடையாளம் தெரியாது. நம்மைப் போலவே கைலி கட்டும், டீ குடிக்கும், கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு உட்காரும். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அப்போது தெரிந்துவிடும்.

எங்கள் அனுமந்தன்பட்டியில் இந்த இனத்தின் சிறந்த மாதிரி சண்முகராஜ். என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். வயது நாற்பத்தாறு. நிழலிலேயே இருப்பதால் முப்பத்தாறு போல இருப்பார். ஒருநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன்.

"அண்ணே, கம்பம் பஸ் போயிருச்சா?"

"நல்ல கேள்வி. நெறையப் பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கு. கம்பத்துக்கு நாம ஏன் போறோம், பஸ்ல போறதுல உள்ள நன்மை தீமை என்ன, ஏறுறதுக்கு முன்னாடி கவனிக்க வேண்டிய அஞ்சு விசயம் என்னங்கறத மொதல்ல பாத்துருவோம்."

மூன்றாவது விசயத்தில் இருக்கும்போது பஸ் வந்தது, நின்றது, என் கையைப் பிடித்து அவர் நாலாவதற்கு நகர்ந்தபோது போய்விட்டது. "இந்தா, இப்பத்தான் போகுது" என்றார். என் கேள்விக்குப் பதில் சொல்லி முடித்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

ஏன் இப்படி? அவர் எழுத்தே அப்படித்தான். கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னால் வந்தவன் படித்துவிட்டு உடனே போய்விடுவான், விளம்பரத்தை யார் பார்ப்பது? ஆகவே சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் என்ன செய்வது என்று தேடி வருகிற பெண்ணுக்கு, உப்பின் வரலாறு, உப்பில்லா உணவின் சிறப்பு, உலகில் எத்தனை வகை உப்பு என்று மூன்று பக்கம் ஓட்டி, நடுவே நாலு விளம்பரத்தைத் தாண்டவைத்து, கடைசி வரியில் ஓர் உருளைக்கிழங்கைப் போடச் சொல்வார். அதற்குள் அந்த வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள்.

தலைப்பு வைப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. எல்லாமே ஏழாக இருக்க வேண்டும். முடி கொட்டாமலிருக்க ஏழு வழிகள், மாமியாரைச் சமாளிக்க ஏழு வழிகள், வங்கிக் கடன் கிடைக்க ஏழு வழிகள். ஏழுக்குப் பிறகு ஒரு கொக்கி: யாரும் சொல்லாத ரகசியம்! அந்த ரகசியம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஒருமுறை விளக்கினார்.

"ஊர்ல எல்லாரும் சொல்றத நாமளும் சொன்னா நம்ம சைட்டுக்கு எவன் வருவான்? அதான், எல்லாரும் என்ன சொல்றாகன்னு பாப்பேன். அதத் திருப்பிப் போடுவேன். பல்லை ராத்திரியும் வெளக்கணும்னு சொல்றாகளா? ராத்திரி வெளக்குனா வர்ற ஆபத்துன்னு எழுதுவேன். கூட்டம் குமியும்."

யாரும் சொல்லாததற்குக் காரணம் அது தப்பு என்பதுதான் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் அவருடைய போட்டோவும், அவர் யார் என்று இரண்டு வரியும் இருக்கும். ஆள் ஒருவர்தான், வரிதான் மாறும். சர்க்கரை நோய் பற்றி எழுதினால் மூலிகை ஆய்வாளர். கடன் பற்றி எழுதினால் நிதி ஆலோசகர். திராட்சை பற்றி எழுதினால் முன்னோடி விவசாயி, இருபது ஆண்டு அனுபவம். இந்தக் கடைசிக்கு மட்டும் தனிப் போட்டோ உண்டு. பந்தலுக்கு அடியில் ஒரு திராட்சைக் கொத்தைக் கையில் பிடித்தபடி நிற்பார். அந்தப் போட்டோ எடுத்த அன்றுதான் அவர் பந்தலுக்குள் நுழைந்தது. அன்றும் குனிந்து நுழையத் தெரியாமல் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

வருமானம்? அதற்கு வருகிறேன். விளம்பரக் கம்பெனிக்காரன் நூறு டாலர் சேர்ந்தால்தான் பணத்தை அனுப்புவான். சண்முகராஜுக்கு நாலு வருடத்தில் முப்பத்தேழு சேர்ந்திருக்கிறது. பத்து டாலர் சேர்ந்தபோது, ஆள் இருப்பது உண்மைதானா என்று பார்க்க ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பினார்கள். தெருவுக்கே லட்டு கொடுத்தார். அந்தக் கடிதம் இன்றைக்கும் பிரேம் போட்டு, முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில், குங்குமப் பொட்டோடு தொங்குகிறது. காதுகுத்து வீட்டுக்குப் போனால் மொய் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். "மொய் வச்சுட்டீகளா? அப்படியே நம்ம சைட்ட ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க." தாய்மாமன்களே அவரைக் கண்டால் பந்திப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள்.

காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால், தன் பக்கத்தில் இந்த நொடி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று போனில் பார்ப்பார். "ஒராளு உள்ள இருக்காக!" என்று சந்தோஷமாகக் கூவுவார். முந்தின நாள் மூடாமல் விட்ட அவருடைய கம்ப்யூட்டர்தான் அந்த ஆள். "எழுதி விட்டுட்டோம்னா நாம தூங்கும்போதும் காசு வந்துக்கிட்டே இருக்கும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம். தூங்குவது உண்மை.

அவர் தூங்குகிற நேரத்தில் அந்த வீட்டுக்குக் காசு வந்ததும் உண்மைதான். அதைச் சம்பாதித்தது அவர் மனைவி மாரீஸ்வரி. சீதனமாக வந்த ஒன்றேகால் ஏக்கர் பன்னீர் திராட்சை. கவாத்து வெட்டுவது, மருந்து அடிப்பது, வியாபாரியிடம் பேசுவது எல்லாம் அவர்தான். கூடமாட நிற்பது சின்னக்கருப்பு. பதினைந்து வருடமாக அந்தப் பந்தலில் வேலை பார்ப்பவர்.

இனி, சென்ற ஆண்டு வைகாசியில் நடந்ததைச் சொல்கிறேன்.

அவர்கள் மகள் ஓவியா பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, மதுரையில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் வாங்கியிருந்தாள். மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். பந்தலில் பழம் கறுத்துத் தொங்கியது. இந்த வெட்டில் வரும் பணம் ஓவியாவின் படிப்புக்கு என்று மாரீஸ்வரி எப்போதோ முடிவு செய்துவிட்டார். அந்த நேரம் பார்த்து கெங்குவார்பட்டியில் அவர் தங்கை நதியாவுக்குப் பிரசவம். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு பன்னிரண்டு நாளைக்குக் கிளம்பினார். கிளம்பும்போது புருஷனிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"ஏங்க, காய் பூராக் கறுத்துருச்சு. இனி அங்கன சொட்டுத் தண்ணி விடக் கூடாது. பன்னெண்டு நாளும் வால்வு பூட்டியே கெடக்கட்டும். அப்பத்தான் இனிப்பு ஏறும். நான் வந்ததும் இத்ரீஸ் தம்பி வெட்ட வர்றேன்னு சொல்லிருக்காக. காதுல விழுந்துச்சா?"

"ம்" என்றார் சண்முகராஜ். அவர் பக்கத்தில் அப்போது இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள். இரண்டாவது ஆள் யாராக இருக்கும் என்ற யோசனையில் இருந்தார்.

மறுநாள் காலை கடமை உணர்ச்சியோடு தோட்டத்துக்குப் போனவருக்கு, மனைவி சொன்னதில் தண்ணீர், வால்வு, பன்னிரண்டு நாள் என்ற மூன்றும் நினைவில் இருந்தன. திறக்கச் சொன்னாளா, மூடச் சொன்னாளா என்பது மட்டும் நினைவில் இல்லை. நீங்களோ நானோ என்றால் என்ன செய்திருப்போம்? போனை எடுத்து மனைவியைக் கேட்டிருப்போம். ஆனால் மாதம் நானூறு பேர் படிக்கிற எழுத்தாளர், முன்னோடி விவசாயி, ஒரு பெண்பிள்ளையிடம் போய்த் தண்ணீர் பாய்ச்சுவது பற்றிக் கேட்பாரா? போனைத்தான் எடுத்தார். எடுத்து, இணையத்தில் தேடினார்.

வரிசையாக ஐந்து பக்கங்கள் வந்தன. ஐந்தும் ஒரே குரலில் சொல்லின: அறுவடைக்கு முந்தைய நாட்களில் தண்ணீரை நிறுத்துவது பழங்காலத்து முறை, அப்போதுதான் செடிக்குத் தாகம் அதிகம், தண்ணீர் கொடுக்கக் கொடுக்கப் பழம் பெருக்கும், எடை கூடும், இனிப்பு இரட்டிப்பாகும். ஒரு பக்கம் பத்து நாள் என்றது. இன்னொன்று ஒன்றரை வாரம் என்றது. வேறொன்று திராட்சையைக் கொடிமுந்திரி என்று சுத்தத் தமிழில் எழுதி, தினம் ஒரு வேளை என்றது. கடைசிப் பக்கம் காலை மாலை இரு வேளை என்றது. பெரிதாகச் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொண்டார். வால்வைத் திறந்துவிட்டார்.

சொட்டுக்குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டு சின்னக்கருப்பு ஓடி வந்தார்.

"அண்ணே, அண்ணே! பழம் கறுத்தப்பறம் தண்ணி காட்டக் கூடாதுண்ணே. வெடிச்சுப் போயிரும்."

"நீ எந்த சைட்ல படிச்ச?"

"நான் எங்கண்ணே படிச்சேன்? பதினஞ்சு வருசமா இதுக்குள்ளதான நிக்கிறேன்."

"பதினஞ்சு வருசமா ஒரே ஆளு சொன்னா அது ஒரு கருத்து. அஞ்சு சைட்டு சொன்னா அதுக்குப் பேரு ஆதாரம்."

"எதுக்கும் அக்காட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவோம்ணே."

"ஏலே, இந்த வீட்ல ஆம்பள நானா, அவளா?"

இதற்கு உண்மையான பதில் சின்னக்கருப்புக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டிக்குள் நமக்கென்ன என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனவர், மறுநாள் விடியும் முன்பே மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் ஏறிவிட்டார்.

பன்னிரண்டு நாள். காலையும் மாலையும் தண்ணீர் ஓடியது. மாரீஸ்வரி தினமும் போனில் கேட்டார், "தோட்டம் எப்படி இருக்கு?" சண்முகராஜ் தினமும் சொன்னார், "நீ சொன்னபடியே நடந்துக்கிருக்கு." நானும் ஒருநாள் அந்த வழியாகப் போனேன். பழம் ஒவ்வொன்றும் நெல்லிக்காய் பருமனுக்கு ஊதியிருந்தது. "நல்லாப் பெருத்துருக்கேண்ணே" என்று சண்முகராஜிடம் வேறு சொல்லித் தொலைத்தேன். எனக்குத் திராட்சையைத் தின்னத்தான் தெரியும்.

பதின்மூன்றாம் நாள் மாரீஸ்வரியும் ஓவியாவும் வந்து இறங்கினார்கள். பையை வீட்டில் வைத்துவிட்டு நேரே தோட்டத்துக்குப் போனார்கள். கம்பத்திலிருந்து வியாபாரி இத்ரீஸும் வெட்டு ஆட்களோடும் பெட்டிகளோடும் வந்துவிட்டார். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பந்தலுக்கு இரண்டு வயல் தள்ளியே புளித்த வாடை வந்தது. உள்ளே போனால் ஈயும் குளவியுமாக மொய்த்துக்கொண்டிருந்தது.

இத்ரீஸ் ஒரு கொத்தைத் திருப்பிப் பார்த்தார். பழத்துக்குப் பழம் தோல் பிளந்து சாறு வடிந்தது. வெடிக்காத ஒன்றைத் தேடிப் பிய்த்து வாயில் போட்டுத் துப்பினார்.

"என்னக்கா இது, தண்ணியால்ல இருக்கு. இத லோடு ஏத்துனா கோட்டயம் போய்ச் சேர்றதுக்குள்ள பெட்டியே ஒழுகிருமேக்கா. நீங்க தோட்டத்த இப்படிப் போடுற ஆளு இல்லையே."

மாரீஸ்வரி குனிந்தார். மண்ணை ஒரு பிடி அள்ளினார். சேறாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே புருஷனிடம் கேட்டார்.

"யாரு சொன்னா தண்ணி விடச் சொல்லி?"

"நானா விடல மாரீஸ்வரி. ஆதாரத்தோடதான் விட்டேன். அஞ்சு சைட்டுல போட்ருக்கு. வேணும்னா நீயே பாரு."

போனை நீட்டினார். மாரீஸ்வரி வாங்கவில்லை, ஓவியாதான் வாங்கினாள். நின்றபடியே படித்தாள். விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனாள், விளம்பரங்களைத் தாண்டி, ஏழாவது வழியைத் தாண்டி, யாரும் சொல்லாத ரகசியத்தைத் தாண்டி. அடியில் வந்ததும் அவள் விரல் நின்றது.

"அப்பா, இத எழுதுனது யாருன்னு பாத்தீகளா?"

"யாரோ பெரிய ஆளாத்தான் இருப்பாக."

ஓவியா சத்தமாகப் படித்தாள். "கட்டுரையாளர், முன்னோடித் திராட்சை விவசாயி அனுமந்தன்பட்டி சண்முகராஜ். இருபது ஆண்டு அனுபவம்."

மேலே போட்டோ. பந்தல், கையில் கொத்து, நெற்றியில் கம்பி இடித்த தடம்.

நடந்தது என்னவென்றால், இந்த இனத்துக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. சண்முகராஜும் அவரைப் போன்ற இன்னும் ஐந்து பேரும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை மற்ற ஐவரும் எடுத்துக்கொள்ளலாம், எழுத்து அப்படியே இருந்தால் தேடுகிற இயந்திரம் கண்டுபிடித்துவிடும் என்பதால் அங்கங்கே நாலு வார்த்தையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். பத்து நாளை ஒருவர் ஒன்றரை வாரமாக்குவார், திராட்சையை ஒருவர் கொடிமுந்திரியாக்குவார், தன் பங்குக்கு ஏதாவது சேர்க்க வேண்டுமே என்று ஒருவர் இன்னொரு வேளைத் தண்ணீரைச் சேர்ப்பார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், வேறு எழுத விஷயம் கிடைக்காமல், ஊரெல்லாம் தண்ணீரை நிறுத்தச் சொல்கிறது என்று தெரிந்து, அதைத் திருப்பிப் போட்டு சண்முகராஜ் எழுதியதுதான் அந்தக் கட்டுரை. எழுதியவருக்கே மறந்துபோன அது, ஐந்து வீடு சுற்றி, ஐந்து ஆதாரமாகத் திரும்பி அவரிடமே வந்துவிட்டது. கடைசி ஆள் சோம்பேறி, அடியில் இருந்த போட்டோவைக்கூட எடுக்கவில்லை. சண்முகராஜும் அடிவரைக்கும் போய்ப் பார்க்கவில்லை. போட்டோ வரை போகாமலே படித்தவர் கருத்து எழுத மேலேயே ஒரு பொத்தான் இருக்கிறதாம்.

ஓவியா விடவில்லை, கருத்துகள் இருக்கும் இடம் வரை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினாள். ஒரே ஒரு கருத்து இருந்தது. பன்னிரண்டு நாளைக்கு முந்தைய தேதி.

"மிகவும் பயனுள்ள பதிவு. இன்றே என் தோட்டத்தில் செய்கிறேன். நன்றி ஐயா. சண்முகராஜ்."

இத்ரீஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்டு ஆட்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். மாரீஸ்வரி கையிலிருந்த சேற்றை உதறினார்.

"அந்த முன்னோடி விவசாயியை நான் ஒரு தடவ நேர்ல பாக்கணும்" என்றார். "எம் படிப்ப என்ன செஞ்ச ஆத்தான்னு எம் புள்ள என்னையக் கேட்டா, யார் வீட்டுக்குப் போய்க் கேக்கச் சொல்றதுன்னு அவர்ட்டயே கேக்கணும்."

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஒருவன் முட்டாளாக இருப்பது அவன் இஷ்டம். தன் முட்டாள்தனத்தை ஐந்து பேர் கையெழுத்தோடு திரும்ப வாங்கி, அதைப் பெற்ற மகளின் தலையில் ஊற்றுவதற்கு அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? இத்ரீஸ் பெரிய மனசு பண்ணி, வெடிக்காததைப் பொறுக்கிக் கால்வாசியை எடுத்துக்கொண்டார். அது பூச்சிமருந்துக்கடை பாக்கிக்கும் வெட்டுக் கூலிக்கும் சரியாகப் போயிற்று. மாதக் கடைசி வந்தது. மதுரை இடம் போய்விட்டது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, ஓவியா உத்தமபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை எட்டரை பஸ்ஸில் போகிறாள். நான் நிறுத்தத்தில் நின்றால் சிரிப்பாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

சண்முகராஜ் என்ன ஆனார்? திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். மூன்று நாள் சாப்பிடாமல் படுத்திருந்தார். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது என்று நானும் நம்பினேன். நாலாம் நாள் எழுந்து முகத்தைக் கழுவி, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் ஒரு கட்டுரை வெளியாயிற்று. "பெண் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் ஓராண்டு இடைவெளி விடுவதால் வரும் ஏழு நன்மைகள்: யாரும் சொல்லாத ரகசியம்!" அடியில் இரண்டு வரி. கட்டுரையாளர், கல்வி ஆலோசகர், ஒரு பெண்ணின் தந்தை. சாயங்காலத்துக்குள் மற்ற ஐவரும் எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஒருவர் ஓராண்டை இரண்டாண்டு ஆக்கியிருந்தார்.

இவ்வளவு நேரம் நீங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார், அவருக்கு இதை அனுப்பலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். எனக்கென்ன சைட்டா இருக்கிறது, நானா விளம்பரம் போடுகிறேன் என்கிறீர்கள். சரி, போன வாரம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முட்டுவலி என்று சொன்னதும், இலையில் கை நனைத்தபடியே "அதுக்கு ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தீர்களே, அது எங்கே படித்தது? நாலு பேர் சொன்னார்கள் என்பீர்கள். அந்த நாலு பேருக்கு யார் சொன்னார்கள்? போன வருடம் உங்கள் மச்சானிடம் பொழுது போகாமல் நீங்கள் எதையோ சொல்லிவைத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

ஞாபகம் இருக்காது. அதனால்தான் சொல்கிறேன். அடுத்த தடவை யாரோ பெரிய ஆள் எழுதியதைப் படித்து மனசு குளிர்ந்து, வால்வைத் திறக்கக் கை போகும்போது, விரலை வைத்து இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள். அடியில் ஒரு போட்டோ இருக்கும். கொத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது நீங்களாக இருந்தால், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறவுங்கள்.